காத்திருக்க இயலாத சரக்கு: பஞ்சு மார்க்கெட்டிலிருந்து உழவர் சந்தை வரை

தமிழில் அங்காடிகளைப் பற்றிய இலக்கியச் சான்றுகளுக்குக் குறைவில்லை. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே வருணிக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரின் இரு பாக்கங்களுக்கும் இடையே நாளங்காடி கூடியதைச் சொல்கிறது. கொடிகளையும் சரக்குக் குவியல்களையும் கூட்டத்தின் ஓசையையும் நம் புலவர்கள் நுணுக்கமாகவே கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குவியலை விளைவித்துக் கொண்டுவந்தவனுக்கு என்ன விலை கிடைத்தது, அந்த விலையை முதலில் வாய் திறந்து சொன்னவர் யார் என்று கேட்டால் இலக்கியம் பெரும்பாலும் மௌனம் காக்கிறது.

சந்தையின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்காக நான் எடுத்துக்கொள்வது, விருதுநகர் மாவட்டத்தின் மேற்கோரத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களை. பஞ்சு, பால், காய்கறி ஆகிய மூன்று சரக்குகளும் இப்பகுதியில் மூன்று வெவ்வேறு வகையான விற்பனை ஏற்பாடுகளைக் கண்டிருக்கின்றன. அவற்றுள் காய்கறிக்கான ஏற்பாடு, அதாவது உழவர் சந்தை, மிகவும் பிந்தி வந்தது. ஏன் அவ்வளவு பிந்தியது என்ற கேள்விக்கான விடையில்தான் அதன் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

இரண்டு ஊர்களும் இரண்டு மண்ணும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை இவ்விரு ஊர்களும். மலைப்பக்கம் தோப்புகளும் கண்மாய்ப் பாசனமும் கிணற்றுத் தோட்டங்களும் உண்டு. கிழக்கே சாத்தூர் நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் மண் விரியும். வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் பாய்கிறது. ஒருகாலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய ஊர் என்பது வைணவ மரபு. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை இன்றும் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவின்போது அழகருக்கும் அனுப்பப்படுகிறது. பூ வாடுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற கணக்கு இவ்வூருக்குப் புதிதன்று.

இராஜபாளையமோ ஆலைகளால் பெருத்த ஊர். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய இராஜுக்களின் ஊர் என்பதால் அதற்கு அப்பெயர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ், ஊரின் போக்கையே மாற்றியது. மாதச் சம்பளம் பெறும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பெருகப் பெருக, அன்றாடம் காய்கறியை விலைக்கு வாங்கும் கூட்டமும் பெருகியது. 2011 கணக்கெடுப்பில் இராஜபாளையத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,30,000. ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 75,000. இரண்டு இலட்சம் பேருக்கு நாள்தோறும் காய்கறி வேண்டும். அதை விளைவிப்பவர்கள் சில மைல் தொலைவிலேயே இருக்கிறார்கள். இருந்தும் இவ்விரு தரப்பும் நேருக்கு நேர் சந்திக்க ஓர் அரசுத் திட்டம் தேவைப்பட்டது என்பதே யோசிக்கத்தக்கது.

பஞ்சு: காத்திருக்கக்கூடிய சரக்கு

முதலில் பஞ்சைப் பார்ப்போம். இராஜபாளையத்தில் இன்றும் ஒரு பகுதிக்குப் ‘பஞ்சு மார்க்கெட்’ என்றுதான் பெயர். பேருந்து நடத்துனர்கள் அப்பெயரைச் சொல்லித்தான் பயணிகளை இறக்கிவிடுகிறார்கள். கரிசல் காட்டுப் பருத்தி நகரத்தின் நடுவே வந்து இறங்கிய காலத்தின் எச்சம் அப்பெயர்.

திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் இவ்வட்டாரத்துப் பஞ்சு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது தடைப்பட்டது. உடனே இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்த குடியானவர், தம் வெள்ளாமைக்கு விலை ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் எங்கேயோ நடந்த போர் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. விலை அவருடைய தலைக்குமேல் எங்கோ பேசி முடிக்கப்பட்டது. 1927இல் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் சரக்கின் போக்குவரத்து விரைவாயிற்று. ஆனால் விலை பேசும் முறை மாறவில்லை.

அம்முறை எப்படிப்பட்டது? வியாபாரி முன்பணம் கொடுப்பார். விளைந்ததும் அவரிடமே கொண்டுவந்து போடவேண்டும். நிறுப்பவர் வியாபாரியின் ஆள். எடைக்கல் வியாபாரியுடையது. ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று கழிவு போவது தனி. தரகு, ஏற்றுகூலி, இறக்குகூலி எனப் பிடித்தங்கள் மேலும் தொடரும். தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதன் மறைவில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை மாட்டுச் சந்தைகளில் பார்த்தவர்கள் இருக்கலாம். விளைவித்தவரின் எதிரிலேயே அவருக்குத் தெரியாமல் விலை முடிவாகும் விந்தையான ஏற்பாடு அது. கரிசல் சம்சாரிகளின் வாழ்வைக் கி. ராஜநாராயணனின் எழுத்துகளில் படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இராது.

இந்த வட்டாரத்தில் சந்தைப் பிடித்தங்களுக்கு வேறொரு முகமும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். நாடார் உறவின்முறைகள் வணிகத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’யாகப் பிடித்துப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டன. விருதுநகரின் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889இல் அவ்வாறு தோன்றிய பள்ளி. ஆகவே சந்தையில் பிடிக்கப்பட்ட காசு முழுவதும் வீண்போயிற்று என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் அந்தக் காசைப் பிடிப்பதையும் செலவிடுவதையும் முடிவுசெய்தவர்கள் வணிகர்கள். காட்டில் உழைத்தவருக்கு அதில் குரல் இல்லை.

1928இல் வெளியான அரச வேளாண்மை ஆணையத்தின் அறிக்கை, சந்தைகளைச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தவேண்டும் என்று வற்புறுத்தியது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தை இயற்றியது. 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. இராஜபாளையத்தில் ஆலை தோன்றிய அதே ஆண்டு அது. பின்னர் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் இதை விரிவாக்கின. இராஜபாளையம் உள்ளிட்ட பல ஊர்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் ஏற்பட்டன.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உழவருக்கு மூன்றைத் தந்தது. பொது எடை ஒன்று. வியாபாரிகள் தாளில் விலையெழுதிப் போடும் மறைமுக ஏலம் இரண்டு. மூன்றாவதே இங்கு முக்கியமானது. விலை பிடிக்கவில்லையென்றால் சரக்கைக் கிடங்கில் இருப்புவைத்து, அதன்மீது பொருளீட்டுக் கடன் பெறலாம். அதாவது காத்திருக்கலாம். பஞ்சு அழுகாது. உலர்வாக வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உழவருக்கு வயிறும் வட்டியும் காத்திருக்காது என்பதுதான் சிக்கல். கடன் அச்சிக்கலைத் தளர்த்தியது. பேரத்தில் காத்திருக்க முடிந்தவருக்கே விலை என்பது சந்தையின் பழைய விதி. ஒழுங்குமுறைக் கூடம் அந்த விதியை மாற்றவில்லை. உழவரையும் சிறிது காலம் காத்திருக்க வைத்தது, அவ்வளவே. எந்த அளவுக்கு அதைச் செய்ததோ அந்த அளவுக்கு அது வென்றது.

பால்: உருமாறக்கூடிய சரக்கு

பாலின் கதை வேறு. கறந்த பால் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. பருத்தியைப்போல் கிடங்கில் வைத்துக் கடன் வாங்கமுடியாது. அப்படியானால் பால்காரர் எப்போதும் வாங்குபவரின் தயவில்தான் இருக்கவேண்டும் என்று தோன்றும். குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரே நிறுவனத்துக்குப் பால் ஊற்றியே ஆகவேண்டியிருந்த உழவர்கள் 1946இல் தமக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாலை வெண்ணெயாகவும் பொடியாகவும் மாற்றும் ஆலையைத் தாமே வைத்துக்கொண்டபோதுதான் அவர்கள் கை ஓங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் விடை பால்கோவா. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாலைச் சர்க்கரையோடு காய்ச்சிச் சுண்டவைத்தால், சில மணி நேரச் சரக்கு சில நாட்களுக்கு நிற்கும் சரக்காகிறது. ஊர்விட்டு ஊர் போகிறது. கூட்டுறவுப் பால் சங்கமும் தனியார் கடைகளும் சேர்ந்து இதை ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டன. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இனிப்பின் சுவையைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். சந்தையின் கண்கொண்டு பார்த்தால் பால்கோவா என்பது பாலுக்கு வாங்கிய அவகாசம்.

பஞ்சு காத்திருக்கிறது, பால் உருமாறுகிறது. இனி மூன்றாவது சரக்குக்கு வருவோம்.

காய்கறி: இரண்டும் முடியாத சரக்கு

மாலையில் பறித்த கத்தரிக்காய் மறுநாள் மினுமினுப்பை இழக்கிறது. கீரைக்கு ஒரு காலைப்பொழுதுதான் வாழ்வு. தக்காளி பழுக்கும்போது எல்லோருடைய தோட்டத்திலும் ஒருசேரப் பழுக்கிறது. வெண்டைக்காயை ஒரு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிப்போகிறது, பறித்துவிட்டால் வாடுகிறது. மாம்பழத்தை வற்றலாகவும் ஊறுகாயாகவும் ஓரளவு மாற்றலாம். இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தை அப்படி மாற்றுவதற்கு யாருக்கும் மனம் வராது என்பது வேறு விஷயம். சீனியவரைக்காய்க்கும் புடலங்காய்க்கும் பால்கோவா கிடையாது.

ஆகவே காய்கறித் தோட்டக்காரர்தான் சந்தைக்கு வருபவர்களில் மிகவும் பலவீனமானவர். கமிஷன் மண்டியில் கூடையை இறக்கிவைத்தபின் விலை பிடிக்கவில்லை என்று திருப்பி எடுத்துச்செல்வது நடவாத காரியம். பேருந்துக் கட்டணம்கூடத் தேறாது. இது மண்டிக்காரருக்கும் தெரியும். சட்டம் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் புகையிலைக்கும் 1930களிலேயே வந்துவிட்டது. காய்கறியை விளைவிப்பவருக்கு ஒரு தனி இடம் கிடைக்க அதன்பின் அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயின. வணிகப் பயிர் ஏற்றுமதிக்கும் ஆலைக்கும் தேவைப்பட்டது. கத்தரிக்காய் எவருடைய ஆலைக்கும் தேவைப்படவில்லை.

மண்டியை வெறும் வில்லனாகச் சித்திரிப்பது எளிது. உண்மை சற்றுச் சிக்கலானது. விதைக்கும் உரத்துக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் முன்பணம் தருபவர் மண்டிக்காரர். வங்கி கேட்கும் தாள்களை அவர் கேட்பதில்லை. எவ்வளவு சரக்கு வந்தாலும் இறக்கிக்கொள்பவரும் அவரே. விற்கமுடியாமல் போகும் அபாயத்தின் ஒரு பகுதியை அவர் சுமக்கிறார். அதற்கு அவர் வாங்கும் விலைதான் கேள்விக்குரியது. கடன்பட்டவர் வேறு இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது என்ற நிலையில், அந்த விலையைச் சரிபார்க்க எதுவும் இருப்பதில்லை.

எடையும் ஒரு பிரச்சினையாகவே இருந்தது. வீசை, பலம் என்று நிறுத்த காலம் மாறி, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் கிலோ வந்தது. ஆயினும் தெருவோரத்தில் கூறு கட்டி விற்கும் வழக்கம் நீங்கவில்லை. மண்டியிலோ மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்ற வழக்கம் கிலோவுக்குப் பின்னரும் உயிரோடு இருந்தது.

1999: ஒரு பலகையும் ஒரு தராசும்

விளைவித்தவரே விற்கும் சந்தை என்ற எண்ணம் உலகின் பல இடங்களில் மீண்டும் தலையெடுத்தது. நியூயார்க் நகரில் 1976இல் ‘கிரீன்மார்க்கெட்’ தொடங்கியது. இங்கிலாந்தில் 1997இல் பாத் நகரில் இவ்வகைச் சந்தை கூடியது. இந்தியாவில் 1987இல் பஞ்சாப் பகுதியில் ‘அப்னி மண்டி’ வந்தது. 1999 ஜனவரி 26 அன்று ஆந்திரத்தில் ‘ரைத்து பஜார்’ தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். சங்க இலக்கியம் அங்காடிகளைப் பாடிய அதே மதுரை. அடுத்த ஓராண்டுக்குள் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 100 சந்தைகள் ஏற்பட்டன. இத்திட்டத்தின் வழியாகவே இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உழவர் சந்தைகள் வந்தன.

இதன் செயல்முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். சுற்றுவட்டாரக் கிராமத்தில் காய்கறி பயிரிடுபவர் என்று அதிகாரிகள் சரிபார்த்தபின் உழவருக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை தரப்படுகிறது. குடும்ப உறுப்பினர்களும் அதைக்கொண்டு விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை. தரகு இல்லை. தராசு சந்தையிலேயே இலவசமாகத் தரப்படுகிறது. காய்கறிக் கூடைகளைக் கட்டணமின்றி ஏற்றிவரப் பேருந்து வசதியும் திட்டத்தில் இருந்தது. காலையில் அலுவலர்கள் மொத்த விலையைக் கேட்டறிந்து அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடையின் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கவேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு நாள் கத்தரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய், கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதற்கணக்கின்படி 24 ரூபாய் வரும். இரண்டாம் கணக்கின்படி 25 ரூபாய் 50 காசு வரும். இவ்விரண்டுக்கும் இடையே பலகையின் விலை அமையும். மண்டியில் பத்து விழுக்காடு கமிஷன் போகிறது என்று கொண்டால் உழவர் கையில் நிற்பது 18 ரூபாய். சந்தையில் அது 24க்குக் குறையாது. வாங்குபவருக்கோ ஐந்தாறு ரூபாய் மிச்சம். இரு தரப்புக்கும் ஆதாயமுள்ள ஏற்பாடுகள் உலகில் அரிது. இது அவற்றுள் ஒன்று.

ரூபாய்க் கணக்குக்கு அப்பாலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. துண்டின் மறைவில் விரல்களால் பேசப்பட்ட விலை, எல்லோரும் படிக்கும்படி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டது. தராசு உழவரின் கைக்கு மாறியது. நிறுக்கப்படுபவராக நின்றவர் நிறுப்பவராக அமர்ந்தார். அப்படி அமர்ந்தவர்களில் பெண்கள் கணிசமானோர் என்பதை எந்த உழவர் சந்தைக்குள் நுழைந்தாலும் காணலாம்.

பலகையின் எல்லை

ஆயினும் மேற்சொன்ன கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். உழவர் சந்தையின் விலை மண்டியின் விலையிலிருந்தே பெறப்படுகிறது. மண்டி முதலில் பேசுகிறது. பலகை அதைத் திருத்திச் சொல்கிறது. மண்டியில் தக்காளி இரண்டு ரூபாய்க்கு விழுந்தால், பலகையிலும் அது சற்றே கூடிய வீழ்ச்சியாகத்தான் இருக்கும். பாவூர்சத்திரத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் லாரிகள் ஏறி இறங்கும் பெருஞ்சந்தைகளே கேரளம் வரையிலான விலையைத் தீர்மானிக்கின்றன. அவற்றின் அலை இவ்விரு ஊர்ப் பலகைகளிலும் வந்து மோதுகிறது.

இரண்டாவது எல்லை நேரம். உழவர் சந்தையில் விற்பவர் தம் காய்கறியோடு அரைநாளையும் சேர்த்தே விற்கிறார். முந்தின மாலை பறித்து, விடியுமுன் புறப்பட்டு, நண்பகல்வரை அமர்ந்து விற்று, பிறகு தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். பத்துவகைக் காய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிரிடும் சிறு தோட்டக்காரருக்கு இது பொருந்தும். இரண்டு ஏக்கரில் தக்காளி மட்டும் போட்டவர் ஐந்நூறு கிலோவைச் சில்லறையாக விற்றுத் தீர்க்கமுடியாது. அவர் மண்டிக்குத்தான் போகவேண்டும். முன்பணம் வாங்கியவரும் அப்படியே. உழவர் சந்தை தரகை ஒழித்தது. தரகர் கொடுத்துவந்த கடனுக்கு மாற்று எதையும் தரவில்லை.

மூன்றாவது எல்லை வாசலுக்கு வெளியே இருக்கிறது. இடைத்தரகர் என்ற சொல்லுக்குள் பெரிய மண்டிக்காரரும் அடங்குகிறார். மண்டியில் ஒரு கூடை வாங்கித் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்கும் மூதாட்டியும் அடங்குகிறார். அட்டை இல்லாத அவர் உள்ளே அமர முடியாது. அவரை உள்ளே விட்டால் நாளடைவில் வியாபாரிகளும் உழவர் பெயரில் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. விளைவித்தவரே விற்கவேண்டும் என்ற விதியைக் காக்க நியூயார்க்கின் சந்தையும் பண்ணைகளுக்கு ஆளனுப்பிச் சோதிக்கிறது. விதி வேண்டும். ஆனால் அவ்விதியின் சுமை கூடைக்காரியின் தலையிலும் விழுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆட்சிகளும் சந்தைகளும்

ஓர் ஆட்சியின் அடையாளமாகிவிட்ட திட்டத்துக்கு அடுத்த ஆட்சியில் என்ன நேரும் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்ததே. 2001இல் ஆட்சி மாறியபின் உழவர் சந்தைகள் கவனிப்பாரின்றி நலிந்தன. சில இயங்காமலே போயின. 2006இல் ஆட்சி மீண்டும் மாறியதும் அவை புதுப்பிக்கப்பட்டன, புதியனவும் சேர்ந்தன. எண்ணிக்கை ஏறத்தாழ 180ஐ எட்டியது. 2011க்குப்பின் மீண்டும் ஒரு தேக்கம். 2021 ஆகஸ்ட் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பழைய சந்தைகளைச் சீரமைக்கவும் புதியன தொடங்கவும் நிதி ஒதுக்கியது.

இந்த ஏற்றத்தாழ்வுகளுக்கு நடுவிலும் பெரும்பாலான சந்தைகள் பிழைத்துக்கொண்டன என்பதே கவனிக்கத்தக்கது. ஆதரவு இருந்தபோது கட்டடம் வந்தது; ஆதரவு இல்லாதபோதும் கூடைகள் வந்தன. காலையில் வழக்கமாக வரும் வாடிக்கையாளரும் வழக்கமாக அமரும் உழவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டபின் அதை ஓர் அரசாணையால் எளிதில் கலைக்க முடிவதில்லை. 2020இல் பெருந்தொற்றின் ஊரடங்கு வந்தபோது மாநிலம் முழுவதும் காய்கறிச் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் திறந்த மைதானங்களுக்கும் மாற்றப்பட்டன. கோயம்பேடு போன்ற ஒரே பெருஞ்சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தும், ஊருக்கு ஊர் சிறு சந்தைகள் இருப்பதன் நன்மையும் அப்போது ஒருசேர விளங்கின. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றி 2021இல் திரும்பப் பெற்ற வேளாண் சட்டங்களைப் பற்றிய போராட்டத்திலும், கூச்சல்களை விலக்கிப் பார்த்தால், அடியில் இருந்தது அந்தப் பழைய கேள்விதான்: விலையைச் சொல்பவர் யார்?

சந்தைக்குப் பின்னால் உள்ள தோட்டம்

உழவர் சந்தை என்றதும் கூரையும் மேடையும் பலகையும் நம் கண்முன் வருகின்றன. இவை பழுதானால் செப்பனிடலாம். செப்பனிட முடியாதது வேறொன்று. பேருந்தில் ஒருமணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தொலைவில், கிணற்றில் நீரும், கையளவு நிலமும், பத்துவகைக் காய்களைப் பயிரிடும் பொறுமையும் உள்ள குடும்பங்கள் இருந்தால்தான் உழவர் சந்தை உண்டு. பஞ்சாலைக்கு வேண்டிய பஞ்சு எங்கிருந்தும் வரலாம். உழவர் சந்தைக்கான கீரை எங்கிருந்தும் வரமுடியாது.

காய்கறித் தோட்டத்துக்கு நாள்தோறும் ஆள் வேண்டும். கூலி ஆள் கிடைக்காதபோது தோட்டம் தென்னந்தோப்பாகிறது. தோப்பின் வருமானம் போதாதபோது அது வீட்டுமனையாகிறது. பெருவழியின் ஓரத்தில் ஊர் நீள நீள இந்த மாற்றம் விரைகிறது. இவ்விரு ஊர்களுக்கும் கீரையும் கத்தரியும் தரும் தோட்டங்கள் ஊரை ஒட்டியே இருப்பவை. அதனாலேயே மனைக்கு முதலில் விலைபேசப்படுபவையும் அவையே. ஒரு சென்ட் நிலத்தின் மனைவிலையை எந்தக் கத்தரிச் செடியாலும் ஈட்டித்தர முடியாது. மனையாக விற்கும் உழவரை நாம் குறைசொல்லவும் முடியாது.

பஞ்சுக்குக் கிடங்கும் கடனும் தந்து அரசு அவகாசம் வாங்கிக்கொடுத்தது. பாலுக்குச் சங்கமும் அடுப்பும் அவகாசம் வாங்கிக்கொடுத்தன. காய்கறிக்கு அவகாசம் தர எவராலும் இயலாது என்பதால், அவகாசமே தேவைப்படாத அளவுக்கு விற்பவரையும் வாங்குபவரையும் அருகில் கொண்டுவந்து வைத்தது உழவர் சந்தை. பல சந்தைகளில் பின்னர் சிறு குளிர்பதன அறைகள் சேர்க்கப்பட்டன, அவை நல்லவையே. ஆனால் உழவர் சந்தையின் உயிர் குளிர்பதனத்தில் இல்லை. தோட்டத்துக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள குறைந்த தொலைவில் இருக்கிறது. அத்தொலைவு கூடிக்கொண்டே போனால், பலகை இருக்கும், தராசு இருக்கும், அட்டையும் இருக்கும். கூடையை இறக்கிவைப்பவர் மட்டும் வேறொருவராக இருப்பார்.

ஆகவே அடுத்தமுறை உழவர் சந்தைக்குச் செல்லும் வாசகர்கள் பலகையில் விலையைப் பார்த்தபின், எதிரே அமர்ந்திருப்பவரிடம் எந்த ஊர்க் காய் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மம்சாபுரம் என்றோ, சேத்தூர் என்றோ, வத்திராயிருப்பு என்றோ தயங்காமல் பதில் வரும்வரை இந்தச் சந்தைக்குக் குறையொன்றுமில்லை.